வாழையடி வாழையாக வந்த ஆபத்து



பலசரக்குக் கடையானாலும் பெட்டிக் கடையானாலும் வாசலில் ஒரு வாழைத்தார் தொங்காத கடை நம் பக்கத்தில் அபூர்வம். லாபம் சொற்பம்தான். மூன்று நாளில் விற்றுத் தீராவிட்டால் கறுத்துப் போய் நஷ்டம் வேறு. ஆனாலும் பழம் வாங்க வந்தவர் வெற்றிலை பாக்கு, சூடம், ஊதுபத்தி என்று சேர்த்து வாங்கிப் போவார் என்பதால் எவரும் தார் வாங்குவதை நிறுத்துவதில்லை. தினமும் கையாளும் சரக்கு என்பதாலேயே அதைப் பற்றி நாம் உட்கார்ந்து யோசித்ததும் இல்லை.

உலகச் சந்தையில் வாழைப்பழம் பெரிய வியாபாரமாகி ஏறத்தாழ 150 வருஷமாகிறது. இந்தக் காலத்துக்குள் அந்த வியாபாரம் நம்பியிருந்த பழமே ஒரு முறை நோயில் அழிந்து, வேறொரு பழத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போது அந்த இரண்டாவது பழமும் ஆட்டம் கண்டிருக்கிறது. முதல் அழிவுக்கு நோய் மட்டும் காரணமில்லை. ஒரே மாதிரிப் பழம்தான் வேண்டும் என்று கேட்ட சந்தையும் ஒரு காரணம். நம் மண்டிகளும் இன்று அதே பாதையில் போய்க்கொண்டிருப்பதால், அந்தக் கதையை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று கருதி இதை எழுதுகிறோம்.

கன்றின் குணம்

"வாழையடி வாழையாக வாழ்க" என்று வாழ்த்துகிறோம். தாய் மரம் குலை தள்ளிச் சாய்வதற்குள் பக்கத்தில் கன்று எழுந்துவிடும், வம்சம் அறுபடாது என்பது பொருள். நாம் தின்னும் வாழைப்பழத்தில் முளைக்கக்கூடிய விதை கிடையாது. பழத்தின் நடுவில் தெரியும் சிறு கறுப்புப் புள்ளிகள் விதையாக முற்றாமல் நின்றுபோனவை. ஆகவே கிழங்கிலிருந்து கிளம்பும் கன்றைத்தான் எடுத்து நட வேண்டும். அப்படி வரும் கன்று தாயின் பிள்ளை என்பதைவிட, தாயே மறுபடி எழுந்து நிற்கிறது என்று சொல்வதுதான் பொருத்தம். விதை போட்டு வளர்க்கும் பயிரில் தலைமுறைக்குத் தலைமுறை சிறு வித்தியாசங்கள் வரும். வாழையில் அது மிக அரிது.

வியாபாரத்துக்கு இது பெரிய வசதி. எல்லாத் தாரும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே ருசி. பழுக்கும் நாளும் ஒன்றுதான். ஆனால் நோய்க்கும் அதே வசதி உண்டு. ஒரு மரத்தைச் சாய்க்கத் தெரிந்த நோய் அந்த ரகத்தின் எல்லா மரத்தையும் சாய்க்கும். தனிமரம் தோப்பாகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஒரே ரகத்தை ஆயிரம் ஏக்கரில் நட்டாலும், நோயின் கணக்கில் அது தனிமரமே.

கப்பலேறிய வாழை

1870-ல் லோரென்சோ டவ் பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர், ஜமைக்கா தீவில் 160 தார் வாழைக்காய் வாங்கிக் கப்பலில் ஏற்றி, பதினொரு நாளில் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் இறக்கினார். கொள்முதலைப் போலப் பல மடங்கு விலை கிடைத்தது. அந்நாளில் அமெரிக்கர்களுக்கு வாழைப்பழம் அதிசயப் பண்டம்.

அதே காலத்தில் மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா நாட்டில் மைனர் கீத் என்பவர் காட்டை வெட்டி ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சலிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் மாண்டார்கள். பாதையை முடிக்கப் பணமில்லாத அரசு, 1884-ல் ஒப்பந்தம் போட்டு 8 லட்சம் ஏக்கர் நிலத்தையும், 99 வருஷத்துக்கு ரயில் உரிமையையும் அவருக்குக் கொடுத்தது. ரயிலில் ஏற்றச் சரக்கு வேண்டுமே என்று பாதையோரம் வாழை நட்டார். கடைசியில் ரயிலைவிட வாழையே அவருக்குப் பணம் கொடுத்தது. 1899-ல் இவருடைய தோட்டங்களும் பேக்கரின் கூட்டாளிகள் நடத்திய கப்பல் வியாபாரமும் சேர்ந்து யுனைடெட் புரூட் கம்பெனி உருவாயிற்று. தோட்டம், ரயில், துறைமுகம், குளிரூட்டிய கப்பல் எல்லாம் ஒரே கையில் வந்தன. அங்குள்ள மக்கள் அந்தக் கம்பெனிக்கு "ஆக்டோபஸ்" என்றே பெயர் வைத்தார்கள்.

அவர்கள் விற்ற பழம் கிரோ மிஷெல் என்ற ரகம். தோல் தடித்தது. தாரைத் தாராகவே கப்பலில் அடுக்கினாலும் அதிகம் அடிபடாது. காய் மெதுவாகப் பழுக்கும், பழம் மணக்கும். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அமெரிக்கா முழுவதும் வாழைப்பழம் என்றால் இந்த ஒன்றுதான் என்றாயிற்று. வேறு ரகங்களை யாரும் நடவில்லை, கேட்கவும் இல்லை.

மண்ணில் இருந்த எதிரி

இந்த ரகத்துக்கு எமனாக வந்தது வாடல் நோய். 1876-லேயே ஆஸ்திரேலியாவில் இதைக் குறித்து எழுதியிருக்கிறார்கள். பின்னர் பனாமா நாட்டுத் தோட்டங்களில் பெரும் சேதம் செய்ததால் பனாமா நோய் என்று பெயர் பெற்றது. பியூசேரியம் என்ற பூஞ்சாணம் மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, மரத்துக்குள் தண்ணீர் ஏறும் பாதையை அடைத்துவிடும். இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் ஓடும். தெளித்துக் காப்பாற்ற மருந்து கிடையாது. மரம் செத்த பிறகும் பூஞ்சாணம் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அந்த நிலத்தில் மறுபடி அதே ரகத்தை நட்டால் மறுபடி வாடும்.

கம்பெனிகள் நோய் விழுந்த தோட்டத்தைக் கைவிட்டு, புதுக் காட்டை அழித்து அங்கே கிரோ மிஷெல் நட்டன. கொஞ்ச காலத்தில் அங்கும் நோய் வந்தது. அதையும் விட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். நிலத்தை மாதக்கணக்கில் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். வடிந்த பிறகு நோய் திரும்ப வந்தது. இத்தனைக்கும் இந்த நோயைத் தாங்கும் வேறு ரகங்கள் இருப்பது தெரியாமல் இல்லை. வாடிக்கையாளர் வேறு பழத்தை ஏற்கமாட்டார், அதை ஏற்றி அனுப்புவதும் கஷ்டம் என்று நினைத்தார்கள். பழத்தை மாற்ற மனமில்லாமல் நிலத்தை மாற்றிக்கொண்டே போனார்கள்.

குவாத்தமாலாவின் கணக்கு

இப்படி ஓடுவதற்கு எப்போதும் உபரி நிலம் கையில் இருக்க வேண்டும். குவாத்தமாலா நாட்டில் மட்டும் யுனைடெட் புரூட் கம்பெனியிடம் சுமார் ஐந்தரை லட்சம் ஏக்கர் இருந்தது. அதில் 85 சதவீதம் சாகுபடி செய்யாமல் கிடந்தது. கேட்டால், நோய் வந்தாலும் புயல் வந்தாலும் மாற்று நிலம் வேண்டாமா என்று கம்பெனி பதில் சொன்னது. அந்நாட்டின் ஏழை விவசாயிகளுக்கோ உழ ஒரு துண்டு நிலம் கிடையாது.

1952-ல் ஜனாதிபதி ஆர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். சாகுபடி செய்யாத நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும், வரிக் கணக்கில் உடையவர் காட்டியிருந்த மதிப்பையே நஷ்ட ஈடாகக் கொடுக்கும் என்பது சட்டம். கம்பெனி வருஷக் கணக்கில் மதிப்பைக் குறைத்துக் காட்டியே வரி கட்டி வந்திருந்தது. அந்தக் கணக்குப்படி சுமார் 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர் தர அரசு முன்வந்தது. கம்பெனியின் சார்பில் அமெரிக்க அரசு கேட்டதோ சுமார் 1 கோடியே 58 லட்சம் டாலர். வரிக்கு ஒரு கணக்கும் விலைக்கு ஒரு கணக்கும் வைத்தால் என்றைக்காவது இரண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் அங்கே தோற்றது கம்பெனி அல்ல. 1954-ல் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் ஏற்பாட்டில் ஆர்பென்ஸ் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. கம்யூனிஸ்ட் பயம் ஒரு பக்கம், கம்பெனியின் செல்வாக்கு ஒரு பக்கம். எடுத்த நிலங்கள் திரும்பப் போயின. 1960 முதல் 1996 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்து ஏறத்தாழ 2 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் முன்பு 1928 டிசம்பரில், கொலம்பியாவின் சியெனகா ஊரில் வேலை நிறுத்தம் செய்த வாழைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை தகராறாகவே இருக்கிறது.

இத்தனை பழியும் சுமந்து காப்பாற்றிய கிரோ மிஷெலாவது பிழைத்ததா என்றால் இல்லை. 1960 வாக்கில் ஏற்றுமதித் தோட்டங்களில் அது முடிந்துபோயிற்று.

இரண்டாவது பழம்

அதன் இடத்துக்கு வந்தது கேவண்டிஷ் இனம். மொரீஷியஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன செடியை 1830-களில் ஒரு பிரபுவின் கண்ணாடிக் கொட்டகையில் வளர்த்தார்கள். கேவண்டிஷ் என்பது அந்தப் பிரபுவின் குடும்பப் பெயர். நம் பக்கம் மோரிஸ் என்றும் ரொபஸ்டா என்றும் பச்சை வாழை என்றும் விற்பது இந்த இனமே. இன்று எங்கும் கிடைக்கும் ஜி-9, அதாவது கிராண்ட் நைன், அதுவும் இதைச் சேர்ந்ததே.

பழைய பனாமா நோயை இது தாங்கியது. ஆனால் தோல் மெல்லியது, தாராக அடுக்கினால் நசுங்கும். அதனால் தோட்டத்திலேயே சீப்பு சீப்பாக வெட்டி, கழுவி, 18 கிலோ அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பும் முறை வந்தது. முதலில் இதற்கு மாறியது போட்டிக் கம்பெனியான ஸ்டாண்டர்ட் புரூட். பெரிய கம்பெனி பிடிவாதமாகக் காத்திருந்து, சந்தையில் பெரும் பங்கை இழந்த பிறகே மாறியது. வாடிக்கையாளர் ஏற்கமாட்டார் என்ற பயம் வீண் பயம் என்பதும் அப்போது தெரிந்தது. பெட்டியில் வந்த புதுப் பழத்தை மக்கள் வாங்கத்தான் செய்தார்கள்.

மாறியது பழம் மட்டுமே, பழக்கம் மாறவில்லை. இன்று உலகில் விளையும் வாழையில் ஏறத்தாழ பாதியும், நாடு விட்டு நாடு போகும் வாழையில் அநேகமாக முழுவதும் இந்த ஒரே இனம்தான்.

ஒரே பயிரை விடாமல் நடுவதால் வேறு சங்கடங்களும் வந்தன. கறுப்பு சிகடோகா என்னும் இலைப்புள்ளி நோய்க்காக மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் வருஷத்துக்கு 40, 50 முறை விமானத்திலிருந்து மருந்து தெளிக்கிறார்கள். பிரான்சுக்குச் சொந்தமான மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் கிழங்கு வண்டுக்காக 1972 முதல் 1993 வரை குளோர்டிகோன் என்ற மருந்து போட்டார்கள். அந்த நஞ்சு மண்ணிலும் தண்ணீரிலும் இன்னும் இருக்கிறது. அங்குள்ள பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் ரத்தத்தில் அது காணப்பட்டது.

மறுபடியும் வாடல்

கேவண்டிஷையும் சாய்க்கும் புது வாடல் நோய் தைவானில் 1960-களின் கடைசியில் தலைகாட்டியது. டி.ஆர்.4 என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கிறார்கள். 1990-களில் மலேசியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா என்று பரவியது. 2013-ல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் கண்டுபிடித்தார்கள். 2019-ல் கொலம்பியாவிலும், 2021-ல் பெருவிலும், 2023-ல் வெனிசுவேலாவிலும் உறுதியாயிற்று. பீகார், உத்தரப் பிரதேசத் தோட்டங்களில் ஜி-9 வாழையை இது தாக்கியதை 2010-களின் பிற்பகுதியில் நம் விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள்.

இந்த நோய் பறந்து வருவதில்லை. நோய்ப்பட்ட தோட்டத்துக் கன்று, அந்த மண் ஒட்டிய செருப்பு, மண்வெட்டி, லாரி டயர், வெள்ளம் இவை மூலமாகத்தான் வருகிறது. சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் தீங்கு எதுவும் இல்லை. இதை நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நோய் என்று பேப்பரில் படித்துவிட்டு வாடிக்கையாளர் பயந்தால், பாதிக்கப்படுவது பாவப்பட்ட விவசாயியும் நாமும்தான்.

பரிகாரம் தேடாமல் இல்லை. தைவானில் ஓரளவு தாங்கும் கேவண்டிஷ் கன்றுகளைப் பொறுக்கி எடுத்துப் பயிரிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் காட்டு வாழை ஒன்றிலிருந்து எதிர்ப்பு மரபணுவை எடுத்துச் சேர்த்த கேவண்டிஷுக்கு 2024-ல் அரசு அனுமதி கிடைத்தது. மரபணு மாற்றிய பழத்தை வெளிநாட்டுச் சந்தைகள் ஏற்குமா என்பது வேறு கேள்வி. நம் நாட்டில் நன்மை செய்யும் பூஞ்சாணமான டிரைக்கோடெர்மாவைக் கொண்டு நோயை அடக்கும் மருந்து தயாரித்திருக்கிறார்கள். விதையில்லாத பயிர் என்பதால் ஒட்டுச் சேர்த்துப் புது ரகம் உண்டாக்குவது மெதுவான வேலை. கிரோ மிஷெலுக்குப் பதில் கேவண்டிஷ் தயாராக நின்றது போல, கேவண்டிஷுக்குப் பதில் எல்லா வகையிலும் பொருந்தும் பழம் இன்று தயாராக இல்லை.

நம் பக்கத்து நிலவரம்

உலக வாழை விளைச்சலில் சுமார் நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் விளைகிறது. பெரும்பகுதியை நாமே சாப்பிட்டு விடுகிறோம். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன், நேந்திரன், செவ்வாழை, ஏலக்கி, பச்சநாடன், மட்டி, மலை வாழை என்று நம்மிடம் இருக்கும் ரகங்களை எண்ணினால் வெளிநாட்டுக்காரர் வியந்துபோவார். அமெரிக்கக் கடைக்காரருக்கு இல்லாத செல்வம் இது.

இவையெல்லாம் நோய் அண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. ரஸ்தாளி பழைய வாடல் நோயில் படும் பாடு விவசாயிகளுக்குத் தெரியும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன விருப்பாச்சி மலை வாழை, 1970-களில் கீழ்ப்பழனி மலைகளில் முடிக்கொத்து நோயால் பெருமளவு அழிந்தது. அது அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய். மலை முழுவதும் அந்த ஒரு வாழையே இருந்ததால் அங்கும் அதே கதை நடந்தது. நாம் சொல்ல வருவது, ரஸ்தாளியைச் சாய்க்கும் வாடலைப் பூவன் தாங்கும், பூவனுக்கு வரும் நோய் வேறு என்பதே. பல ரகம் இருந்தால் ஒரே வருஷத்தில், ஒரே நோயில் எல்லாம் போய்விடாது. கடை மூடாது.

ஆனால் மண்டிகளில் இன்று நடப்பது என்ன? பெரிய கடைகள் ஒரே அளவில், புள்ளியில்லாத மஞ்சள் பழம் கேட்கின்றன. ஜி-9 கிலோ கணக்கில் எடை நிற்கும், அறையில் வைத்தால் ஒரே சீராகப் பழுக்கும். ரஸ்தாளி சீக்கிரம் காம்பு விட்டு உதிரும், கற்பூரவள்ளி பார்வைக்கு மங்கல். ஆகவே சில்லறைக்காரர் ஜி-9 கேட்கிறார். நாம் விவசாயியிடம் ஜி-9 கொண்டுவரச் சொல்கிறோம், மற்றதற்கு விலையைத் தட்டுகிறோம். மறு வருஷம் அவரும் திசு வளர்ப்பு ஜி-9 கன்றையே நடுகிறார். யார் மேலும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மண்டி நடத்தும் நாமே அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள்தான்.

நம்மால் ஆகக்கூடியது

ஜி-9 வேண்டாம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. அது பல விவசாயிகளுக்கு நல்ல வரும்படி தருகிற பயிர். அதோடு வேறு இரண்டு ரகமாவது கடையில் தொங்கட்டும். ரகத்தின் பேரைச் சொல்லி, ருசியைச் சொல்லி விற்றால் நாட்டுப் பழத்துக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பது கடையில் நிற்பவருக்குத் தெரியும். பூஜைக்கு ஒரு பழம், குழந்தைக்கு ஒரு பழம், பஜ்ஜிக்கு ஒரு காய் என்று நம் மக்களிடம் இன்னும் பழக்கம் விட்டுப் போகவில்லை.

மொத்த வியாபாரிகள் நாட்டு ரகத்துக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்து விவசாயியை நிறுத்தி வைக்க வேண்டும். வெளிமாநில லோடு ஏற்றி வரும் வண்டியில் சேறும் வாழைக் கழிவும் ஒட்டியிருந்தால் கழுவாமல் உள்ளூர்த் தோட்டத்துக்குள் அனுப்பக்கூடாது. அங்கிருந்து கன்றோ கிழங்கோ ஏற்றி வருவதும் கூடாது. மண்டிக் கழிவைத் தோட்டத்தில் கொட்ட விடக்கூடாது. தோட்டத்தில் இலை மஞ்சளாகித் தொங்குவதாக விவசாயி சொன்னால், திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ தோட்டக்கலைத் துறைக்கோ தெரிவிக்கச் சொல்லுங்கள். 1993-ல் தொடங்கிய அந்த மையம் நம் பக்கத்திலேயே இருப்பது நமக்குப் பெரிய அனுகூலம்.

அந்தக் கம்பெனிகளிடம் கப்பல் இருந்தது, ரயில் இருந்தது, அரசாங்கத்தையே மாற்றும் பலம் இருந்தது. ஆனாலும் அவர்களால் ஒரு பழத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நம்மிடம் அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் அவர்களிடம் இல்லாத பத்து ரகப் பழம் நம்மிடம் இருக்கிறது. அடுத்த முறை தார் வாங்க மண்டிக்கு வரும்போது, ஜி-9 தாரோடு ஒரு பூவனோ ரஸ்தாளியோ கற்பூரவள்ளியோ சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால்தான் நாங்கள் விவசாயியிடம் கேட்போம். நாங்கள் கேட்டால்தான் அவர் நடுவார்.